பார்க்காமல் சொன்ன ‘போலே’

மழை... மழை... மழை...

டிசம்பர் பிறந்துவிட்டால், மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து ஊரான பத்து பாகாட்டில் வானத்துக்கு வேறு வேலையே கிடையாது. காலையில் தூறும், மதியம் கொட்டும், சாயங்காலம் கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடியும் கொட்டும். அப்படிக் கொட்டிய ஒரு மதியத்தில், துண்டில் சுற்றிய ஒரு மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, கார் நிறுத்துமிடத்திலிருந்து கடை வரிசையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள் சுபத்திரா.

குடை காரிலேயே இருந்தது. இரண்டு கையும் மூட்டைக்கே சரியாக இருந்தால், குடையை யார் பிடிப்பதாம்?

சட்டென்று தலைக்கு மேல் மழை நின்றது. நிமிர்ந்தாள். ஒரு பெரிய கறுப்புக் குடை... அதைப் பிடித்த ஒரு கை... அதற்குப் பின்னால் கவலை நிறைந்த இரண்டு கண்கள்.

“பிள்ளைய இப்படியா நனைய விடுவீங்க அக்கா? காய்ச்சல் வந்துடும் லா!”

பிள்ளையா...? அக்காவா...? எதற்கு முதலில் கோபப்படுவது என்று அவளுக்கே குழப்பமாக இருந்தது.

“இது பிள்ளை இல்ல.”

“பின்ன?”

துண்டை விலக்கிக் காட்டினாள். உள்ளே ஒரு கறுப்புக் கம்ப்யூட்டர் பெட்டி. அதன் நெற்றியில், மஞ்சள் நூலால் அவளே தைத்து ஒட்டியிருந்த ஒரு செம்பருத்திப் பூ.

“அலமாக்!” என்று அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு. அந்த வயிற்றெரிச்சலான நேரத்திலும் அவளுக்கு அப்படித்தான் தோன்றியது.

“அப்புறம்... நான் அக்காவும் இல்ல.”

“சரி மிஸ். மன்னிச்சிடுங்க மிஸ்.”

கடைகளின் முன்னால் கூரையோடு ஓடும் அஞ்சடிப் பாதையில் ஏறியதும் அவனுடைய சட்டைப் பையைப் பார்த்தாள். ‘ஜீவன்’ என்று தைத்திருந்தது. கடைசி எழுத்தில் நூல் பிரிந்து தொங்கியது. துணியில் எழுத்தைத் தைத்தே சாப்பிடுகிறவளின் கண் அங்கேதானே போகும்!

“ரொம்ப நன்றி, ஜீவன்.”

“நான் லோகேஸ்வரன் மிஸ். லோகேஸ்னு கூப்பிடுவாங்க. ஜீவன் எனக்கு முன்னாடி இருந்தவரு. அவரு வேலைய விட்டுப் போயிட்டாரு... சட்டை என்கிட்ட வந்துடுச்சு.”

“பேர மாத்தித் தைக்கலாமே?”

“எங்க முதலாளி தவ்கே தைச்சுத் தரேன்னுதான் சொல்லிக்கிட்டே இருக்காரு,” என்றபடி கம்ப்யூட்டர் கடையின் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டான். அவள் போக வேண்டிய கடையும் அதுதான்.

உள்ளே பெட்டியைத் திறந்து, மோப்பம் பிடித்து, உதட்டைப் பிதுக்கினான் லோகேஸ்.

“பக்கத்துல இடி விழுந்துச்சா?”

“முந்தாநாள்.”

“போர்டு கருகிடுச்சு மிஸ். இவ்வளவு பழைய போர்டு இனிமே கிடைக்காது. புதுசு வாங்கிடுங்க. ஹார்ட் டிஸ்க் நல்லாத்தான் இருக்கு, உங்க பைலெல்லாம் மாத்திக் குடுத்துடறேன்.”

“புதுசுன்னா... விண்டோஸும் புதுசா?”

“ஆமா. இதுல இருக்கறதுக்கு அப்டேட் நிப்பாட்டி எவ்வளவோ வருஷமாச்சே.”

அவள் கைப்பையிலிருந்து கட்டைவிரல் அளவு ஒரு யூஎஸ்பி சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். எம்பிராய்டரி மெஷினைப் பழையதாக வாங்கியபோது, கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த சாவி அது.

“என் எம்பிராய்டரி சாப்ட்வேர் ரொம்பப் பழசு. இந்தச் சாவியக் குத்தினாத்தான் தெறக்கும். புது விண்டோஸ்ல அது ஓடுமா?”

அவன் அந்தச் சாவியைத்தான் பார்த்திருக்க வேண்டும். எடுத்துத் திருப்பி, யார் செய்தது, எந்த வருஷத்தில் செய்தது என்று படித்திருக்க வேண்டும். ஆனால், பாவம், அவன் பார்த்தது அவள் கண்களை... இமை நுனியில் ஒரே ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டு நின்றது. அவள் கண் சிமிட்டினாள். விழுந்தது.

“போலே,” என்றான் லோகேஸ்.

முடியும் என்பதற்கு மலாய்ச் சொல் அது. ஜொகூரில் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வாழ்க்கையையே ஓட்டிவிடலாம். அடுத்த வாரத்துக்குள் கூரை மாற்ற முடியுமா...? போலே. ஐம்பது பேருக்குச் சாப்பாடு நாளைக்கே கிடைக்குமா...? போலே. கேட்டவருக்கும் மனம் குளிரும், சொன்னவருக்கும் நல்ல பெயர். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறவனைத்தான் நாம் ஒரு மாதிரியாகப் பார்ப்போம். சுபத்திராவும் நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

அவளுக்கு அந்த நிம்மதி ரொம்பத் தேவையாக இருந்தது. சிங்கப்பூரில் பார்த்துக்கொண்டிருந்த கணக்கு வேலையை விட்டுவிட்டு வந்து அவள் ஆரம்பித்த கடை அது. பள்ளிச் சின்னம், பெயர்ப்பட்டை, கம்பெனிச் சட்டை... எதைக் கொடுத்தாலும் தைப்பாள். அம்மா திலகத்துக்கு அது பிடிக்கவே இல்லை. நில அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பாட்டன் காலம் தொட்டு அவர்கள் குடும்பமே நாற்காலியும் மேசையுமாக இருந்த குடும்பம். நூலோடு மல்லுக்கட்டவா மகள் பட்டம் படித்தாள்?

கடைசியில் தாயும் மகளும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஜனவரியில் பள்ளி திறக்கும் முன் எல்லா ஆர்டரையும் முடித்துக் கொடுத்தால் கடை இருக்கும். முடியாவிட்டால் மெஷினை விற்றுவிட்டு, சுபத்திரா சிங்கப்பூர் வேலைக்கே திரும்ப வேண்டும். அவளும் தலையாட்டியிருந்தாள்.

மறுநாள் சுபத்திரா ஒரு பள்ளிக்கு மாதிரிச் சின்னங்களைக் காட்டப் போயிருந்தாள். புதுக் கம்ப்யூட்டரை எடுத்துப் போக திலகம் வந்தார்.

“அந்தப் பழைய பெட்டி எங்களுக்கு வேண்டாம் தம்பி. எறிஞ்சு விடும்.”

“மிஸ்ஸ ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

“நான் அவளின்ர அம்மா. நான் சொல்லுறன்.” குரலில் இன்னும் அலுவலகம் இருந்தது. “தம்பி எந்த ஊர்?”

“பெக்கோக், ஆண்டி. அப்பா அம்மா எஸ்டேட்ல வேலை செஞ்சாங்க.”

“ஓ...” என்றார் திலகம்.

அந்த ‘ஓ’ எவ்வளவு நீளம் என்று லோகேஸுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே கேட்டுப் பழகியதுதான். புதுப் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தான். பழையதைப் பின்கட்டில் போட்டான். சாயங்காலம் உலு திராமிலிருந்து பழைய சாமான் லோரி வந்து, எல்லாவற்றோடும் சேர்த்து அதையும் அள்ளிக்கொண்டு போனது.

வீட்டில் புதுக் கம்ப்யூட்டர் பளபளவென்று விழித்தது. சுபத்திரா சாவியைக் குத்தினாள். வழக்கமாக அதில் ஒரு குட்டிப் பச்சை விளக்கு எரியும். எரியவில்லை. பிடுங்கித் துடைத்து மறுபடி குத்தினாள். இல்லை. சாப்ட்வேரைத் திறந்தால் ‘சாவியைக் காணோம்’ என்று ஒரு கட்டம் வந்து நின்றது.

அடுத்த அரைமணியில் அவள் கம்ப்யூட்டர் கடையில் இருந்தாள்.

“போலேன்னு சொன்னீங்க!”

லோகேஸ் இப்போதுதான் அந்தச் சாவியைக் கையில் எடுத்துப் பார்த்தான். பார்த்ததும் முகம் வெளுத்தது. பழைய விண்டோஸாக நடி என்று புது விண்டோஸுக்குச் சொல்லிப் பார்த்தான். அது நடித்தது. சாவிதான் நம்பவில்லை.

“இந்தச் சாவி வேலை செய்யறதுக்கு ஒரு குட்டி சாப்ட்வேர் வேணும் மிஸ். அத அந்தக் காலத்து விண்டோஸுக்குன்னே எழுதியிருக்காங்க. புதுசு அத உள்ளயே விடாது.”

“செஞ்ச கம்பெனியில கேளுங்க.”

“கம்பெனி மூடியாச்சு.”

“வேற சாப்ட்வேர்?”

“வாங்கலாம்... ஆனா உங்க பழைய டிசைன் எதையும் அது தெறக்காது. எல்லாத்தையும் முதல்லேருந்து வரையணும்.”

அத்தனை பள்ளிச் சின்னமும் முதலிலிருந்தா...? அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

“அப்ப என் பழைய பெட்டிய குடுங்க. அதுலயிருந்து ஏதாவது செய்யலாம்ல?”

லோகேஸ் வாயைத் திறந்தான். உங்க அம்மாதான் போடச் சொன்னாங்க... ஒரே வரி. சொல்லிவிட்டால் அவன் தப்பித்தான். ஆனால் இந்தப் பெண் இப்படியே வீட்டுக்குப் போய் அம்மாவின் எதிரே நிற்பாளே? போட்டது என் கைதானே, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் போட்டதும் நான்தானே என்று நினைத்தான்.

“அது இங்க இல்ல மிஸ். நான்தான் தூக்கிப் போட்டேன்.”

“யாரக் கேட்டுப் போட்டீங்க?” குரல் உடைந்தது. “பள்ளிக்கூடம் தெறக்கறதுக்குள்ள வேலைய முடிக்கலன்னா என் கடையே போயிடும், தெரியுமா? மெஷின வித்துட்டு நான் சிங்கப்பூருக்குப் போகணும்... சரி பண்ண முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லுங்க!”

போலே என்ற சொல் அவன் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டான்.

“தெரியல மிஸ்... பாத்துட்டுச் சொல்றேன்.”

அவள் அவனை ஒரு நொடி உற்றுப் பார்த்தாள். இந்த ‘தெரியல’யை ஏனோ நம்பத் தோன்றியது. தோன்றியதற்காகத் தன்மேலேயே எரிச்சல் பட்டுக்கொண்டு வெளியே போனாள்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, லோகேஸ் மோட்டார் சைக்கிளில் உலு திராமுக்குப் போனான். கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் பாதை, பாதிக்கு மேல் மழை. பழைய சாமான் கடை வேலு அண்ணன் கொட்டகையைக் காட்டினார். உள்ளே மலைபோலப் பெட்டிகள்... எல்லாம் கறுப்பு, எல்லாம் ஒரே மாதிரி.

“நாளைக்கு எல்லாத்தையும் ஒடைச்சுடுவோம். நல்ல வேளைக்கு வந்த,” என்றார் வேலு. “யாரு பொட்டிப்பா, இந்தத் தேடு தேடற?”

“கஸ்டமர் பொட்டி அண்ணே.”

“கஸ்டமரு...!” வேலு அண்ணன் அர்த்தத்தோடு சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

முதுகு ஒடிய, கைகள் துருவாகத் தேடினான். கடைசியில், ஓர் உடைந்த பிரிண்டருக்கு அடியில்... மஞ்சள் செம்பருத்தி. அவனையே பார்த்துக்கொண்டு இருந்தது. அதைத் துடைத்தபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது. சரிதான்... எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துத் தொலைத்துவிட்டது என்று தனக்குள் ஒப்புக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பெட்டியோடு அவன் சுபத்திராவின் கடையில், அதாவது அவர்கள் வீட்டு முன்னறையில் இருந்தான். அவள் எதிரே கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காவலாம்!

“என்ன செய்யறீங்க?”

“பழைய ஹார்ட் டிஸ்க்க அப்படியே நகல் எடுத்துட்டேன் மிஸ். விண்டோஸு, சாப்ட்வேரு, எல்லாத்தோடவும். புதுக் கம்ப்யூட்டருக்குள்ள அதுக்குன்னு தனியா ஒரு ரூம் கட்டி, அங்க குடி வைக்கப் போறேன். வெளியில புதுசு அதுபாட்டுக்கு ஓடும், உள்ள பழசு அதுபாட்டுக்கு ஓடும்.”

“சண்டை போடாதா?”

“கதவு சாத்தியிருக்கும்ல. ஆனா ஒண்ணு, உள்ள இருக்கறத மட்டும் இன்டர்நெட்டுல விட்டுடாதீங்க. பழசு, பாவம், தாங்காது.”

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள்.

திரையின் நடுவில் ஒரு சதுரம் கறுத்து, நீலமாகி... அவளுடைய பழைய திரை! அதே படங்கள், அதே இடத்தில். லோகேஸ் சாவியை அவளிடம் நீட்டினான்.

“நீங்களே குத்துங்க.”

“ஓடுமா?”

“தெரியல மிஸ். பாப்போம்.”

குத்தினாள். ஒன்றுமில்லை... லோகேஸ் எதையோ தட்டினான்... இன்னும் ஒன்றுமில்லை... அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அப்போது, குட்டியாக, பச்சையாக, அந்த விளக்கு எரிந்தது.

அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டு, நாகரிகமாக மெஷினைப் பார்த்தான்.

“முதல்ல ஒரு துண்டுல தைச்சுப் பாக்கணும்,” என்று சுபத்திரா விசைப்பலகைப் பக்கம் திரும்பி எதையோ தட்டினாள். அவன் எட்டிப் பார்த்தான். முறைத்தாள். அவன் ஜன்னல் வழியாக மழையைப் பார்க்க வேண்டியதாயிற்று. மெஷின் தடதடவென்று ஓடி நின்றது. துண்டை வெட்டி இழுப்பறையில் போட்டுவிட்டு அவள் எழுந்தாள்.

“நல்லா ஓடுது. நன்றி. ஆனா... அடுத்தவங்க பொருளக் கேக்காமத் தூக்கிப் போடற ஆள என்னால நம்ப முடியல. கோபத்த மனசுல வச்சுக்கிட்டுச் சிரிச்சுப் பேச எனக்கு வராது.”

“சரி மிஸ்,” என்றான் லோகேஸ்.

சமையலறை வாசலில் தேத்தண்ணித் தட்டோடு திலகம் நின்றுகொண்டிருந்தார். தட்டில் மூன்று கோப்பை. அவன் அவரைப் பார்த்தான். சொல்லிவிடுவான் என்று அவர் பயந்தது முகத்திலேயே தெரிந்தது. “வரேன் ஆண்டி,” என்று மட்டும் சொல்லிவிட்டு, தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். தேத்தண்ணி அப்படியே ஆறியது.

அதன் பிறகு மெஷின் ஓய்வில்லாமல் ஓடியது. சின்னங்கள் குவிந்தன, பொட்டலங்கள் போயின. வேலை முடிய முடிய சுபத்திராவுக்குச் சந்தோஷம் ஏற வேண்டும் அல்லவா? ஏறவில்லை. அந்தப் பச்சை விளக்கைப் பார்க்கும்போதெல்லாம் ‘தெரியல மிஸ்’ என்ற குரல் கேட்டது. கோபக்காரிக்கு எதற்கு இந்த நினைப்பு என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

கடைசிப் பொட்டலம் கட்டிய மதியம், சின்னங்களை அடுக்கிக்கொண்டிருந்த திலகம் மெல்ல ஆரம்பித்தார்.

“பிள்ளை... ஒரு விசயம். அந்தப் பழைய பெட்டியை அந்தப் பொடியன் தன்ர பாட்டுக்கு எறியேல்ல. நான்தான் எறியச் சொன்னனான்.”

சுபத்திரா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“உன்னைக் கேக்கவேணும் எண்டு அவன் சொன்னவன். நான் விடேல்ல. அது போனால் நீ இந்த நூல் வேலையை விட்டுட்டு ஒஃபிசுக்குப் போவாய் எண்டு நினைச்சிட்டன்...” திலகத்தின் குரல் இறங்கியது. “என்னைக் காட்டிக் குடுப்பான் எண்டு பாத்தன். வாய் திறக்கேல்ல. பெக்கோக் எண்டு சொன்ன உடன ‘ஓ’ எண்டு ஒரு மாதிரிப் பாத்தனான் நான்... எனக்கே வெக்கமாய் இருக்கு.”

“அம்மா...” கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது?

“கடை இருக்கட்டும். சொன்னபடி நீ முடிச்சுக் காட்டிட்டாய், இனி நான் ஒண்டும் சொல்லமாட்டன். நீ போய் அந்தத் தம்பியைக் கூட்டிக்கொண்டு வா. அண்டைக்குத் தேத்தண்ணி குடிக்காமல் போயிட்டான்.”

சுபத்திரா இழுப்பறையைத் திறந்து எதையோ எடுத்துக் கைப்பையில் போட்டாள். இந்தத் தடவை குடையை மறக்கவில்லை.

கடை வரிசையை அவள் நெருங்கியபோது மழை கொட்டத் தொடங்கிவிட்டது. எதிரே, யாருடைய கம்ப்யூட்டரையோ பிளாஸ்டிக் பையில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் ஆள் ஓடிவந்தான். சட்டைப் பையில் ‘ஜீவன்’. அவள் இரண்டு எட்டு ஓடிக் குடையை நீட்டினாள்.

“பிள்ளைய இப்படியா நனைய விடுவீங்க அண்ணே?”

லோகேஸ் திடுக்கிட்டு நின்றான். அவளைப் பார்த்தான். குடையைப் பார்த்தான். மெல்லச் சிரித்தான்.

“நான் அண்ணன் இல்ல மிஸ்.”

“நான் மிஸ்ஸும் இல்ல. சுபத்திரா.”

குடை சின்னது. அவனுடைய ஒரு தோளும் அவளுடைய ஒரு தோளும் நனைந்துகொண்டிருந்தன. இருவரும் நகரவில்லை.

“அம்மா சொல்லிட்டாங்க,” என்றாள். “ஏன் மறைச்சீங்க? நான் அவ்வளவு பேசினேனே...”

“சொன்னா நீங்க ரெண்டு பேரும் முகம் பாக்காம இருந்திருப்பீங்க. என்கூட பேசலன்னா... அது எனக்கு மட்டும்தான கஷ்டம்.”

“ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?”

“ரொம்ப,” என்றான். ஒளிக்கவே இல்லை. பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டான். “சுபத்திரா... அன்னைக்கு அந்தச் சாவியப் பாக்காம உங்க கண்ணப் பாத்துக்கிட்டே ‘போலே’ன்னுட்டேன். அங்கதான் எல்லாம் தப்பாச்சு. இப்ப நல்லா யோசிச்சுட்டுத்தான் சொல்றேன். எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு. எங்க வீடு பெக்கோக்ல, எஸ்டேட் ஆளுங்கதான் நாங்க, உங்களுக்கே தெரியும்... நீங்க, நான்... போலேயா?”

அவள் இதயம் அவளுக்கே கேட்டது. ஆனாலும் முகத்தை எவ்வளவு கடுமையாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு கடுமையாக வைத்துக்கொண்டாள்.

“பாத்துட்டுச் சொல்றேன்.”

பாவம், லோகேஸின் முகம் விழுந்துவிட்டது. “சரி... நியாயந்தான்,” என்று முணுமுணுத்தான்.

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. கைப்பையிலிருந்து ஒரு சின்னத் துணித்துண்டை எடுத்து நீட்டினாள். நீலத் துணி, மஞ்சள் நூல். ‘லோகேஸ்வரன்’. ஓரத்தில் ஒரு குட்டிச் செம்பருத்தி.

“இது... எப்ப தைச்சது?”

“பச்சை லைட்டு எரிஞ்சுச்சுல்ல... அப்ப. முதல்ல தைச்சது இதான்.”

“அன்னைக்கு என்மேல கோபமா இருந்தீங்களே!”

“கோபமாத்தான் இருந்தேன். கை கேக்கல, நான் என்ன செய்யறது?” சொல்லும்போதே கன்னம் சூடானது. “அதுக்கப்புறம் தினமும் இழுப்பறையத் தெறந்து தெறந்து பாத்தேன். தூக்கிப் போடணும்னு நினைப்பேன்... போட முடியல.”

அவன் துண்டை வாங்கவில்லை. கை நிறையக் கம்ப்யூட்டர் அல்லவா! அவளே எட்டி, ‘ஜீவன்’ மேல் அதை வைத்து, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அளவு சரியாக இருந்தது. விரலுக்கு அடியில் அவன் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

“அப்ப... பாத்தாச்சா?” என்று கேட்டான் லோகேஸ், மெதுவாக.

“பாத்தாச்சு.”

“அப்ப...?”

மழை இன்னும் பெய்துகொண்டிருந்தது. வீட்டில் அம்மா தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்திருப்பார். சுபத்திரா நிமிர்ந்து அவன் கண்களைப் பார்த்தாள்... நன்றாக, நிதானமாக, அவசரமே இல்லாமல்... பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

“போலே.”